ஆங்கிலத்தில் காரணம் சொல்வது எப்படி? 'பிகாஸ்' மட்டும் போதாது

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன பெரும்பாலோருக்கு முதலில் மனப்பாடமான ஆங்கிலக் காரண வாக்கியம் விடுப்பு விண்ணப்பத்தில் வந்ததாகத்தான் இருக்கும். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் அனேபிள் டு அட்டெண்ட் ஸ்கூல் டுடே' என்ற அந்த வரியைத் தலைமுறை தலைமுறையாக எழுதி வந்திருக்கிறோம். வரியில் பிழை இல்லை. ஆனால், அதில் 'பிகாஸ்' வராமல் 'ஆஸ்' ஏன் வந்தது, காரணம் ஏன் முன்னே போய் நின்றது, காய்ச்சலுக்கு முன்னால் 'ஃப்ரம்' எதற்கு என்று எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித் தந்ததாக எனக்கு நினைவில்லை. இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொண்டால், ஆங்கிலத்தில் காரணம் சொல்லும் முறையில் பெரும்பகுதி பிடிபட்டுவிடும்.

இந்தக் கட்டுரை ஆங்கிலத்தை ஓரளவு படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்து, எழுதும்போதும் பேசும்போதும் தடுமாறுகிறவர்களுக்கானது. எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் விரைவில் பழகிவிடும்.

தடுமாற்றத்தின் வேர் நம் தாய்மொழியின் வசதியில் இருக்கிறது. 'மழையால் ஆட்டம் நின்றது' என்கிறோம். 'மழை பெய்ததால் ஆட்டம் நின்றது' என்றும் சொல்கிறோம். 'பெய்தது' என்ற வினையையே ஒரு பெயர்போல நடத்தி, அதன்மேல் அதே 'ஆல்' உருபை ஏற்றிவிடத் தமிழால் முடிகிறது. ஆகவே, இரண்டும் ஒரே அமைப்பு என்றே நம் காது எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலம் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. 'மழை' என்ற பெயருக்கு ஒரு சொல்லும், 'மழை பெய்தது' என்ற முழு வாக்கியத்துக்கு வேறொரு சொல்லும் கேட்கிறது. நம் 'ஆல்' ஒன்று செய்யும் வேலையை அங்கே பத்துப் பதினைந்து சொற்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. எந்த வேலைக்கு எது என்பதைத்தான் இனிப் பார்க்கப்போகிறோம்.

முதல் சோதனை: பின்னால் வருவது பெயரா, வாக்கியமா?

காரணச் சொல்லை எழுதுவதற்கு முன், அதன் பின்னால் வரப்போவது என்ன என்று பாருங்கள். எழுவாயும் வினைமுற்றும் கொண்ட முழு வாக்கியம் என்றால் 'பிகாஸ்', 'சின்ஸ்', 'ஆஸ்' ஆகிய மூன்றில் ஒன்று. வெறும் பெயரோ பெயர்த்தொடரோ என்றால் 'பிகாஸ் ஆஃப்', 'டியூ டு', 'ஓவிங் டு', 'ஆன் அக்கவுண்ட் ஆஃப்' ஆகியவற்றில் ஒன்று. 'வீ ஸ்டாப்ட் பிகாஸ் இட் வாஸ் ரெயினிங்' என்பது சரி. 'வீ ஸ்டாப்ட் பிகாஸ் ஆஃப் தி ரெயின்' என்பதும் சரி. இரண்டையும் கலந்து 'பிகாஸ் ஆஃப் இட் வாஸ் ரெயினிங்' என்று எழுதினால் அது ஆங்கிலமே அல்ல. 'டியூ டு ஐ வாஸ் சிக்' என்று அலுவலக மின்னஞ்சல்களில் அடிக்கடி காண்பதும் இதே பிழைதான். எழுதியவரைக் குறைசொல்ல முடியாது. 'உடல்நலம் சரியில்லாததால்' என்பதன் கடைசியில் இருக்கும் 'ஆல்' அவரை 'டியூ டு' பக்கம் இழுத்திருக்கிறது. 'பிகாஸ் ஐ வாஸ் சிக்' என்றோ 'டியூ டு இல்னஸ்' என்றோ எழுதினால் முடிந்தது.

பின்னால் வாக்கியம்தான் வேண்டும், 'டியூ டு'வும் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள் 'டியூ டு தி ஃபேக்ட் தட்' என்று இடையில் ஒரு பாலம் போடுகிறார்கள். இலக்கணப்படி அதில் குற்றமில்லை. ஆனால், 'பிகாஸ்' என்ற ஒரு சொல் செய்யும் வேலைக்கு ஐந்து சொற்களைக் கூலிக்கு அமர்த்துவது எனக்கு வீண்செலவாகவே படுகிறது.

தமிழில் 'ஆல்' இல்லாமலும் காரணம் சொல்கிறோம் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 'மழை பெய்யப் பயிர் விளைந்தது' என்பதில் 'பெய்ய' என்ற எச்சமே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் இதற்கு நிகரானது 'இங்' ஈற்றில் முடியும் வினைத்தொடர். 'நாட் நோயிங் தி வே, ஷி ஆஸ்க்ட் எ போலீஸ்மேன்' என்றால் 'வழி தெரியாமல் ஒரு காவலரிடம் கேட்டாள்' என்று பொருள். ஒரு நிபந்தனை உண்டு: இரு பகுதிகளுக்கும் எழுவாய் ஒன்றாகவே இருக்க வேண்டும். தமிழ் எச்சத்தில் மழை பெய்தது, பயிர் விளைந்தது என்று எழுவாய் மாறலாம். ஆங்கிலத்தில் அப்படி மாற்றினால் நகைப்புக்கு இடமாகும். 'வாக்கிங் டு தி ஸ்டேஷன், தி ரெயின் ஸ்டார்ட்டட்' என்று எழுதினால், மழையே ரயில் நிலையத்துக்கு நடந்து போனதாகப் பொருளாகிவிடும்.

இரண்டாவது சோதனை: கேட்பவருக்குக் காரணம் முன்பே தெரியுமா?

'பிகாஸ்', 'சின்ஸ்', 'ஆஸ்' மூன்றும் 'ஏனெனில்' என்றே அகராதிகளில் பொருள் பெறுகின்றன. அதை நம்பி ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போடுகிறோம். ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் அப்படிச் செய்வதில்லை. கேட்பவருக்குப் புதியதாக ஒரு காரணத்தைச் சொல்லும்போது, அந்தக் காரணமே செய்தியாக இருக்கும்போது, அவர் 'பிகாஸ்' சொல்கிறார்; அதைப் பெரும்பாலும் வாக்கியத்தின் பின்பாதியில் வைக்கிறார். காரணம் இருவருக்கும் தெரிந்ததாகவோ, அதிகம் பேச வேண்டாத பின்னணியாகவோ இருந்தால் 'சின்ஸ்' அல்லது 'ஆஸ்' போட்டு முன்பாதியில் வைத்துவிட்டு, முக்கியமான செய்தியைப் பின்னால் சொல்கிறார்.

இதைத் தமிழைக் கொண்டே சோதிக்கலாம். தமிழில் நீங்கள் நினைக்கும் வாக்கியத்தில் 'ஆல்' என்பதோடு 'தான்' சேர்க்கத் தோன்றுகிறதா? 'பேருந்தைத் தவறவிட்டதால்தான் நேரமாகிவிட்டது' என்பதுபோல வந்தால் அது 'பிகாஸ்'. மாறாக, முடிவில் 'ஏ' போட்டு, கேட்பவருக்குத் தெரிந்ததை நினைவூட்டும் தொனி வருகிறதா? 'நீங்கள்தான் வந்துவிட்டீர்களே, தொடங்கிவிடலாம்' என்பதுபோல வந்தால் அது 'சின்ஸ்': 'சின்ஸ் யூ ஆர் ஹியர், லெட் அஸ் பிகின்.' நிலைமை இப்போதுதான் மாறியது என்பதையும் உணர்த்த வேண்டுமானால் 'நவ் தட் யூ ஆர் ஹியர்' என்பது இன்னும் பொருந்தும். இந்தத் 'தான்', 'ஏ' சோதனை எல்லா இடத்திலும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். பத்தில் எட்டு இடங்களிலாவது எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

'ஒய்?' என்று யாராவது நேரடியாகக் கேட்டால் 'பிகாஸ்' என்று மட்டுமே விடை தொடங்கலாம். 'சின்ஸ்' என்றோ 'ஆஸ்' என்றோ தொடங்கக் கூடாது. கேட்டவருக்குக் காரணம் தெரியாததால்தானே கேட்கிறார்? 'ஒன்லி பிகாஸ்', 'பார்ட்லி பிகாஸ்', 'சிம்ப்ளி பிகாஸ்' என்று முன்னடை சேர்வதும் இதற்கு மட்டும்தான். 'ஒன்லி சின்ஸ்' என்பது காரணப் பொருளில் வராது.

இப்போது விடுப்பு விண்ணப்பத்துக்குத் திரும்பினால், அங்கே 'ஆஸ்' நின்றது விளங்கும். கடிதத்தின் நோக்கம் காய்ச்சலைப் பற்றிய அறிவிப்பு அல்ல, விடுப்பு. காய்ச்சல் பின்னணியாக முன்னே ஒதுங்கிக்கொள்ள, வேண்டுகோள் வாக்கியத்தின் முடிவில் அழுத்தமாக விழுகிறது. இந்த அமைப்பு முறைப்படியான எழுத்துக்குப் பொருந்துகிறது. நண்பரிடம் பேசும்போது அதே வாக்கியத்தைச் சொன்னால் விண்ணப்பம் வாசிப்பதுபோல ஒலிக்கும். அங்கே 'ஐ காண்ட் கம், ஐ ஹாவ் எ ஃபீவர்' என்று காரணச் சொல்லே இல்லாமல் இரண்டு வாக்கியங்களை அடுத்தடுத்து வைப்பதுதான் இயல்பு.

'சின்ஸ்', 'ஆஸ்' இரண்டுக்கும் காலப் பொருளும் உண்டு என்பது ஒரு தொல்லை. 'சின்ஸ்' என்பது பழைய ஆங்கிலத்தில் 'அதன் பிறகு' என்ற பொருளில் வழங்கிய சொல்லிலிருந்து வந்தது; பிறகு நடந்தது முன்னர் நடந்ததன் விளைவாகத்தான் இருக்கும் என்ற மனிதப் பழக்கத்தால் காரணப் பொருளும் ஒட்டிக்கொண்டது. அதனால், 'சின்ஸ் ஷி லெஃப்ட், ஹி ஹாஸ் பீன் சைலண்ட்' என்றால், அவள் போன நாள் முதலாகவா, போன காரணத்தாலா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 'ஆஸ்' இன்னும் மோசம். 'ஆஸ் ஐ வாஸ் டிரைவிங்' என்றால் 'ஓட்டிக்கொண்டிருந்தபோது' என்றும் 'ஓட்டிக்கொண்டிருந்ததால்' என்றும் பொருள் கொள்ளலாம். ஒப்பந்தம், மருத்துவக் குறிப்பு, புகார்க் கடிதம் போன்றவற்றில் இத்தகைய ஐயம் எழுமானால், தயங்காமல் 'பிகாஸ்' என்று மாற்றிவிடுங்கள். 'பிகாஸ்' என்பதற்குக் காரணம் தவிர வேறு பொருள் கிடையாது. 'பை' என்ற சொல்லும், இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த 'காஸ்' என்ற சொல்லும் ஒட்டிப் பிறந்ததுதான் அது.

சொல்வரலாற்றைத் தொட்டுவிட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'ஒய்' என்ற கேள்விச் சொல், பழைய ஆங்கிலத்தில் 'வாட்' என்பதன் கருவி வேற்றுமை வடிவம். அதாவது, நம் 'எது' என்பதோடு 'ஆல்' சேர்ந்து 'எதனால்' ஆவதுபோல அங்கே பிறந்தது 'ஒய்'. தொடர்பே இல்லாத இரு மொழிகள் காரணத்தைக் கேட்க ஒரே வழியில் போயிருக்கின்றன.

'ஃபார்' என்பதையும் காரண இணைப்பாகப் பழைய நூல்களில் காணலாம். அது வாக்கியத்தின் தொடக்கத்தில் வராது, அதற்கு முன் காற்புள்ளி வேண்டும், பேச்சில் வழங்காது. படித்தால் புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும்.

'ஏனென்றால்' செய்யும் குறும்பு

தமிழில் ஒரு வாக்கியத்தை முற்றுப்புள்ளியிட்டு முடித்துவிட்டு, அடுத்ததை 'ஏனென்றால்' என்று தொடங்கலாம். 'அவர் வரவில்லை. ஏனென்றால், அவருக்கு உடல்நலம் சரியில்லை.' இரண்டும் முழு வாக்கியங்கள். இதை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கி 'ஹி டிட் நாட் கம்' என்று முற்றுப்புள்ளி வைத்து, 'பிகாஸ் ஹி வாஸ் சிக்' என்று தனியே எழுதினால் இரண்டாவது துண்டு வாக்கியமாகாது. 'பிகாஸ்' தன் பின்னால் வருவதை முதன்மை வாக்கியத்தின் சார்பாக்கிவிடுகிறது. சாய்ந்துகொள்ளச் சுவர் இல்லாமல் அது நிற்காது. உரையாடலிலும் விளம்பரத்திலும் தனித்து வரலாம். தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் வரக் கூடாது. வாக்கியத்தைப் 'பிகாஸ்' கொண்டு தொடங்கவே கூடாது என்று சில ஆசிரியர்கள் விதித்தது இந்தப் பிழையைத் தடுக்கத்தான் என்று நினைக்கிறேன், ஆனால் அந்த விதி மிகை. 'பிகாஸ் ஹி வாஸ் சிக், ஹி டிட் நாட் கம்' என்று பின்னால் முதன்மை வாக்கியம் வருமானால் ஒரு தவறும் இல்லை.

எதிர்மறை வாக்கியத்தில் 'பிகாஸ்' வரும்போது கூடுதல் கவனம் வேண்டும். 'ஷி டிட் நாட் டேக் தி ஜாப் பிகாஸ் ஆஃப் தி சேலரி' என்ற வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு. சம்பளம் சரியில்லாததால் அந்த வேலையை அவர் ஏற்கவில்லை என்பது ஒன்று. வேலையை ஏற்றுக்கொண்டார், ஆனால் ஏற்றது சம்பளத்துக்காக அல்ல என்பது மற்றொன்று. பேச்சில் குரலின் ஏற்ற இறக்கம் பொருளைப் பிரித்துக் காட்டிவிடும்; எழுத்தில் குரல் இல்லை. முதற்பொருள் வேண்டுமென்றால் 'டிட் நாட் டேக்' என்பதை விட்டு 'ரிஃப்யூஸ்ட்' என்று எழுதுங்கள், ஐயம் தீர்ந்துவிடும். இரண்டாவது பொருள் வேண்டுமென்றால் 'ஷி டுக் தி ஜாப், பட் நாட் பிகாஸ் ஆஃப் தி சேலரி' என்று பிரித்து எழுதுங்கள்.

இன்னொரு பயன்பாடு, காரணம்போலத் தோன்றி உண்மையில் சான்றாக நிற்பது. 'ஹி மஸ்ட் பி அட் ஹோம், பிகாஸ் தி லைட்ஸ் ஆர் ஆன்' என்பதில், விளக்கு எரிவது அவர் வீட்டில் இருப்பதற்குக் காரணம் அல்ல. அவர் இருக்கிறார் என்று நாம் முடிவு கட்டியதற்கு அதுவே ஆதாரம். இதை 1990இல் விரிவாக ஆராய்ந்த ஈவ் ஸ்வீட்சர் என்ற மொழியியலாளர், நிகழ்ச்சிக்குக் காரணம், முடிவுக்குக் காரணம், பேசும் செயலுக்கே காரணம் என்று மூன்று தளங்களைப் பிரித்துக் காட்டினார். மூன்றாவது தளம் நம் பேச்சிலும் உண்டு: 'கடைக்குப் போகிறீர்களா? ஏனென்றால், பால் தீர்ந்துவிட்டது.' பால் தீர்ந்தது அவர் கடைக்குப் போவதற்குக் காரணம் அல்ல, நாம் கேட்டதற்குக் காரணம். ஆங்கிலத்தில் பின்னிரண்டு வகைகளிலும் 'பிகாஸ்' என்பதற்கு முன்னால் காற்புள்ளி இடுவது வழக்கம்.

'டியூ டு' முதல் 'தேங்க்ஸ் டு' வரை

பெயர்ச்சொல்லோடு வருபவற்றில் 'பிகாஸ் ஆஃப்' எங்கும் செல்லும். 'டியூ டு' சற்று முறையானது. 'திஸ் டிலே இஸ் டியூ டு எ சிக்னல் ஃபெயிலியர்' என்ற பாணியில் இங்கிலாந்து ரயில் நிலையங்களின் அறிவிப்பில் நாள்தோறும் ஒலிப்பது. இதைப் பற்றி ஒரு பழைய சண்டை உண்டு. 'டியூ' என்பது பெயரடை, ஆகவே 'தி டிலே இஸ் டியூ டு' என்று ஒரு பெயரைத் தழுவித்தான் வர வேண்டும், வினையைத் தழுவி 'தி ட்ரெய்ன் ஸ்டாப்ட் டியூ டு' என்று வரக் கூடாது, அங்கே 'ஓவிங் டு' போட வேண்டும் என்று ஹென்றி ஃபௌலர் 1926இல் வெளியிட்ட தம் வழக்குக் கையேட்டில் கண்டித்தார். இன்று ஆங்கிலேயர்களே அதைப் பொருட்படுத்துவதில்லை. பழைய பாணியில் பயின்ற மேலதிகாரி ஒருவருக்கு எழுதுகிறீர்கள் என்றால் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

'தேங்க்ஸ் டு' என்பது நன்றியோடு சொல்வது. நம் 'புண்ணியத்தில்' என்ற சொல்லுக்கு மிக அருகில் வரும். 'உங்கள் புண்ணியத்தில் வேலை கிடைத்தது' என்று நெகிழ்ந்தும் சொல்லலாம், 'உன் புண்ணியத்தில் ரயிலை விட்டேன்' என்று குத்தியும் சொல்லலாம். 'தேங்க்ஸ் டு யூ' என்பதற்கும் இந்த இரண்டு முகமும் உண்டு. ஆகையால், துயரச் செய்தியில் இதைப் பயன்படுத்தினால் விபரீதமாகிவிடும்.

சின்னச் சின்ன முன்னிடைச் சொற்கள் காரணம் சொல்லும் இடம்தான் மனப்பாடத்தை அதிகம் கேட்பது. ஆனாலும், அங்கேயும் ஓர் ஒழுங்கு தெரிகிறது. உடல் தானாகச் செய்வதற்குத் தமிழில் 'இல்' போடுகிறோம்: குளிரில் நடுங்கினான், பயத்தில் உறைந்தான். அங்கெல்லாம் ஆங்கிலம் பெரும்பாலும் 'வித்' போடும்: 'ஷிவரிங் வித் கோல்ட்', 'ட்ரெம்ப்ளிங் வித் ஃபியர்'. ஒருவர் தெரிந்தே செய்த செயலுக்குப் பின்னால் இருக்கும் உணர்ச்சியைச் சொல்ல 'அவுட் ஆஃப்' வரும்: 'ஐ ஆஸ்க்ட் அவுட் ஆஃப் கியூரியாசிட்டி'. புகழ், பரிசு, தண்டனை, நன்றி, மன்னிப்பு ஆகியவற்றின் காரணத்துக்கு 'ஃபார்' வரும். 'திருநெல்வேலி இஸ் ஃபேமஸ் ஃபார் இட்ஸ் அல்வா' என்று நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது. இறப்பில் நோய் என்றால் 'டைட் ஆஃப்', காயம் போன்றவை என்றால் 'டைட் ஃப்ரம்' என்பது மரபு, ஆனால் இப்போது 'ஃப்ரம்' இரண்டு இடத்திலும் புழங்குகிறது.

காய்ச்சலுக்கு முன்னால் 'ஃப்ரம்' ஏன் என்ற கேள்விக்கு நம் இலக்கணத்திலேயே விடை இருக்கிறது. ஐந்தாம் வேற்றுமைக்கு நன்னூல் சொல்லும் பொருள்களில் நீங்கலும் உண்டு, ஏதுவும் உண்டு. ஓரிடத்திலிருந்து நீங்குவதும், ஒரு காரணத்திலிருந்து விளைவு கிளம்புவதும் ஒரே அசைவாகத் தோன்றியதால் ஒரே உருபு இரண்டையும் சுமந்தது. 'ஃப்ரம்' என்பதும் அப்படித்தான்.

காரணத்தையே எழுவாயாக்குதல்

இதுவரை சொன்னவற்றைப் பிழையில்லாமல் கையாண்டாலும் நம் ஆங்கிலம் மொழிபெயர்த்ததுபோலவே இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழில் உயிரற்ற ஒன்று மனிதரை ஏதோ செய்ய வைப்பதாகச் சொல்வது அரிது. 'சத்தத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை' என்போமே தவிர, சத்தத்தை எழுவாயாக்கி 'சத்தம் என்னை விழித்திருக்க வைத்தது' என்று பேச்சில் சொல்ல மாட்டோம். ஆங்கிலத்தில் இது அன்றாட வழக்கு: 'தி நாய்ஸ் கெப்ட் மீ அவேக்.' 'மாத்திரை போட்டதும் தூக்கம் தூக்கமாக வந்தது' என்பது 'தி டேப்லட் மேட் மீ ஸ்லீப்பி'. 'மின்சாரம் போனதால் கடையைச் சீக்கிரம் மூட வேண்டியதாயிற்று' என்பது 'எ பவர் கட் ஃபோர்ஸ்ட் அஸ் டு க்ளோஸ் எர்லி'. கிரிக்கெட்டில் மழையால் ஆட்டம் நின்றதை ஆங்கிலேயர்கள் மூன்றே சொல்லில் 'ரெயின் ஸ்டாப்ட் ப்ளே' என்று எழுதிவிடுகிறார்கள். அதில் காரணச் சொல் எதுவும் இல்லை, ஆனால் காரணம் தெளிவாக இருக்கிறது.

இதைப் பழக ஒரு வழி சொல்கிறேன். தமிழில் மனத்தில் எழும் வாக்கியத்தில் 'ஆல்' ஏற்ற பெயரைத் தேடுங்கள். உருபை நீக்கிவிட்டு அந்தப் பெயரை வாக்கியத்தின் முதலில் எழுவாயாக நிறுத்துங்கள். அது செய்த வேலைக்கு ஏற்ற வினையைத் தேர்ந்தெடுங்கள். நிலையை மாற்றியது என்றால் 'மேக்', நிலை நீடிக்கச் செய்தது என்றால் 'கீப்', வேறு வழியில்லாமல் செய்தது என்றால் 'ஃபோர்ஸ்', தடுத்தது என்றால் 'ஸ்டாப்' அல்லது 'ப்ரிவெண்ட்', வாய்ப்புத் தந்தது என்றால் 'அலவ்' அல்லது 'எனேபிள்'. ஒரு வாரம் நாளுக்கு ஐந்து வாக்கியங்கள் இப்படி மாற்றிப் பார்த்தால், 'பிகாஸ் ஆஃப்' எழுதும் எண்ணிக்கை தானாகக் குறைவதைக் காண்பீர்கள்.

பெரிய நிகழ்ச்சிகளை விளக்கும் கட்டுரைகளிலும் இதே முறைதான் ஆட்சி செய்கிறது. இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் உள்ள டம்போரா எரிமலை 1815இல் வெடித்தது, அடுத்த ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடை குளிர்ந்துபோனது, பயிர்கள் பொய்த்தன, உணவு விலை ஏறியது. 1816ஐக் கோடை இல்லாத ஆண்டு என்றே அழைக்கிறார்கள். எரிமலையிலிருந்து தொடங்குவதாக இருந்தால் 'தி இரப்ஷன் லெட் டு எ கோல்ட் சம்மர்' என்று எழுதலாம். கோடையிலிருந்து தொடங்கினால் 'தி கோல்ட் சம்மர் ரிசல்ட்டட் ஃப்ரம் தி இரப்ஷன்'. 'ரிசல்ட் ஃப்ரம்' என்பதன் பின்னால் காரணம் வரும், 'ரிசல்ட் இன்' என்பதன் பின்னால் விளைவு வரும். இந்த ஒரு சிறு சொல்லை மாற்றிப் போட்டால் கோடைதான் எரிமலையை வெடிக்கச் செய்தது என்றாகிவிடும்.

'காஸ்' என்பதை வினையாகப் பயன்படுத்தும்போது இரண்டு செய்திகள். ஒன்று, அதன் பின்னால் எந்த முன்னிடைச் சொல்லும் வராது. 'புற்றுநோய்க்குக் காரணமாகிறது' என்பதில் உள்ள 'கு' உருபை மனத்தில் வைத்து 'காஸஸ் ஃபார் கேன்சர்' என்று எழுதிவிடுகிறோம். 'காஸஸ் கேன்சர்' என்பதே சரி. மற்றொன்று, இந்த வினை பெரும்பாலும் கெட்டதோடுதான் உறவாடும்: நோய், சேதம், தாமதம், விபத்து. மகிழ்ச்சியை 'காஸ்' செய்தது என்றால் ஒரு மாதிரி ஒலிக்கும். அங்கே 'ப்ராட்' போன்ற வேறு வினை வேண்டும். மேலும், அறிவியல் எழுத்தில் இது பொறுப்புள்ள சொல். இரண்டு நிகழ்வுகள் சேர்ந்தே காணப்படுகின்றன என்று மட்டும் தெரிந்தால் 'இஸ் லிங்க்ட் டு' அல்லது 'இஸ் அசோசியேட்டட் வித்' என்றுதான் எழுதுவார்கள். அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை 1964இல் சிகரெட்டுக்கும் ஆண்களின் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவைக் காரண உறவு என்றே அறிவித்தது செய்தியானதற்கு, அந்தச் சொல்லின் கனமும் ஒரு காரணம்.

பெயர்ச்சொல்லாக வரும்போது நம் 'காரணம்' இரண்டாகப் பிரிகிறது. தீ, விபத்து, நோய் போன்றவற்றை உண்டாக்கியது 'காஸ்'. ஒருவர் தம் முடிவுக்கோ செயலுக்கோ சொல்லும் நியாயம் 'ரீசன்'. 'தி காஸ் ஆஃப் தி ஃபயர்', 'தி ரீசன் ஃபார் ஹிஸ் ரெசிக்னேஷன்' என்று சேரும் முன்னிடைச் சொல்லும் வேறு. 'தி ரீசன் இஸ்' என்று தொடங்கினால் அடுத்து 'தட்' போடுங்கள். 'தி ரீசன் இஸ் பிகாஸ்' என்று ஆங்கிலேயர்களும் பேசுகிறார்கள், ஆனால் எழுத்தில் அது கூறியது கூறல்.

விளைவைச் சொல்லும் பக்கம்

காரணத்தை முதலில் சொல்லி விளைவைப் பின்னால் இணைக்க 'ஸோ' போதும். 'தேர்ஃபோர்', 'ஹென்ஸ்', 'கான்ஸிக்வெண்ட்லி' ஆகியவை எழுத்துக்கு உரியவை. அவற்றுக்கு முன் காற்புள்ளி போதாது, முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். நம் ஊர்க் கடிதங்களில் 'ஹென்ஸ்' அளவுக்கு மீறி வருகிறது என்பது என் கருத்து. 'பிகாஸ்' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் மறுபடியும் 'ஸோ' போடாதீர்கள். ஒரு காரண உறவுக்கு ஓர் இணைப்புச் சொல்தான். 'அதனால்தான் சொன்னேன்' என்பதன் 'தான்' இழுத்துக்கொண்டு வருவது 'தட்ஸ் ஒய் ஒன்லி ஐ டோல்ட் யூ'. 'தட்ஸ் ஒய்' என்பதிலேயே அந்தத் 'தான்' அடங்கிவிட்டது, 'ஒன்லி' வேண்டியதில்லை.

'காக' என்ற உருபு இன்னொரு கண்ணி. 'மழைக்காக ஒதுங்கினேன்' என்றால் காரணம். 'படிப்பதற்காகச் சென்னை வந்தேன்' என்றால் நோக்கம். முதலாவதற்குப் 'பிகாஸ் ஆஃப்'. இரண்டாவதற்கு வினையோடு வெறும் 'டு': 'ஐ கேம் டு சென்னை டு ஸ்டடி'. 'ஃபார் ஸ்டடியிங்' என்றும் 'ஃபார் டு ஸ்டடி' என்றும் எழுதுவது நம் 'காக' பேசுவது.

காரணம் கேட்பதும் சொல்வதும் மரியாதையும்

எலன் லாங்கரும் உடன் ஆய்வாளர்களும் 1978இல் வெளியிட்ட ஓர் அமெரிக்க ஆய்வில், நகலெடுக்கும் இயந்திரத்தை நெருங்கியவர்களிடம் ஐந்து பக்கம் நகலெடுக்க முந்திக்கொள்ள அனுமதி கேட்டார்கள். வெறுமனே கேட்டபோது 60 சதவீதத்தினர் இசைந்தார்கள். அவசரம் என்ற காரணத்தைச் சொன்னபோது 94 சதவீதம். 'நகல் எடுக்க வேண்டியிருப்பதால்' என்று பொருளற்ற காரணத்தைப் 'பிகாஸ்' போட்டுச் சொன்னபோதும் 93 சதவீதம். ஆனால், இருபது பக்கம் என்று கேட்டபோது அந்த வெற்றுக் காரணம் எடுபடவில்லை. 24 சதவீதத்தினரே இசைந்தனர், காரணமே சொல்லாதபோது இருந்த அளவுதான். ஆகவே, சிறிய வேண்டுகோளோடு ஒரு சிறு காரணத்தைச் சேர்ப்பது ஆங்கிலத்தில் நல்ல பழக்கம். பெரிய வேண்டுகோளுக்கு உண்மையான காரணம் வேண்டும்.

கேட்பதில் இன்னும் எச்சரிக்கை தேவை. 'ஏன் வந்தீர்கள்?' என்று விருந்தினரைக் கேட்டால் தமிழிலேயே முகம் சுருங்கும். 'ஒய் டிட் யூ கம்?' என்பதும் அப்படித்தான். 'வாட் பிரிங்ஸ் யூ ஹியர்?' என்று கேட்டால் குற்றம் சாட்டும் தொனி போய்விடுகிறது. காரணத்தை எழுவாயாக்கும் பழக்கம் இங்கே மரியாதையாகவும் வேலை செய்கிறது. 'ஒய் டூ யூ திங்க் ஸோ?' என்பதை 'வாட் மேக்ஸ் யூ திங்க் ஸோ?' என்று மென்மையாக்கலாம். நெருங்கியவர்களிடம் வியப்போடு கேட்க 'ஹவ் கம்' உண்டு. அதன் பின்னால் கேள்விக்குரிய சொல்வரிசை மாற்றம் கிடையாது, 'ஹவ் கம் யூ ஆர் லேட்?' என்றே வரும். அலுவலக மேலாளரிடம் அதைப் பயன்படுத்த வேண்டாம்.